கழற்றிப் பார்க்காத சில்லு

ஸ்டனிஸ்லாஸ் என்ற சாரதியின் முச்சக்கரவண்டியில் விபத்துக்கு முன்பே பிரேக் பழுதாக இருந்தது என்று நான் ஓர் அறிக்கை எழுதினேன். அது பொய். எழுதிய நேரத்தில் அது பொய் என்று எனக்குத் தெரியாது. உண்மை என்றும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தக் கையொப்பத்தால் அவர் வண்டியை இழந்தார். இன்னொன்றையும் இழந்தார். அது எனக்குத் தெரியவர நெடுங்காலம் ஆயிற்று.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகனச் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கொழும்பில் வாகனம் மோதினால் இரண்டு சாரதிகளும் வாய்ச்சண்டையை முடித்துக்கொண்டு வீதியோரத்தில் காத்திருப்பார்கள். ஹெல்மெட்டும் கமராவுமாக ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். அந்த ஆள்தான் நான். இனிமேல் சின்ன விபத்துகளுக்கு அப்படி ஒருவர் போகத் தேவையில்லையாம். சாரதியே கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். போன மாதம் ஓய்வுபெற்றவர்களின் ஒன்றுகூடலுக்கு வந்திருந்த இளைய உத்தியோகத்தர்கள் இதைச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, "அங்கிள், நீங்க அந்தக் குட்டி பைக்கில போகேக்குள்ள றோட்டில ஆக்களோட கதைச்சதுகள எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ. பகிடியா இருக்கும்" என்று கேட்டாள். ஓம் என்றேன். பகிடியும் இருக்கிறது. ஆனால் பகிடியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த என்னால் முடியவில்லை.

என்னுடையது ஐம்பது சீ.சீ. இயந்திரம் பூட்டிய சிவப்பு மோட்டார் சைக்கிள். யப்பானிலிருந்து பழசாக வந்து இறங்கியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு; உப்புக்காற்றில் அதன் செயின் வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். அலுவலகம் கொட்டாஞ்சேனையில். காலையில் காலி வீதியால் போய், காலிமுகத்திடலைத் தாண்டி, கோட்டை, புறக்கோட்டை என்று நகரத்தின் முழு நீளத்தையும் நான் மணிக்கு முப்பது கிலோமீற்றரில் கடப்பேன். பெரிய பைக்கில் போகிறவனோடு யாரும் கதைப்பதில்லை. காரில் போகிறவனுக்குக் கண்ணாடி இருக்கிறது. சின்ன பைக்கில், முழங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தலை நரைத்த ஒருவன் போனால் ஊரே அவனுக்குச் சொந்தம்.

ஸ்டாண்டை மடக்க மறந்து நான் புறப்பட்ட நாட்களில், பம்பலப்பிட்டி வருவதற்குள் குறைந்தது நாலு பேர் "அங்கிள், ஸ்டான்ட் எக்க!" என்று சிங்களத்தில் கத்துவார்கள். ஒருமுறை ஒரு பஸ்ஸின் நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே தன் காலால் அதைத் தட்டி மடக்கிவிட்டுப் போனார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் என்னை மறித்து, பத்திரம் எதையும் கேட்காமல், "அய்யே, ஒரு லீற்றருக்கு எத்தன கிலோமீற்றர் போகுது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. பெற்றோல் தாங்கியைத் திறந்து பார்த்தார். தன் பைக்கை விற்று இப்படி ஒன்று வாங்கப்போவதாக மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கிய ஓர் இடத்தில், கையில் மீன் கூடையோடு நின்ற மட்டக்குளிப் பெண் ஒருவர், எந்தக் கடலில் பிடித்த மீன் என்பதைச் செதிளைத் தடவி எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். நான் மீன் சாப்பிடாத மரக்கறிக்காரன் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். "அப்ப இவ்வளவு நேரம் ஏன்யா கேட்டுக்கிட்டு நின்னீங்க?" என்றார். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அது ஒரு வியாதி மாதிரி. எவரைக் கண்டாலும் கேள்வி கேட்பேன். வேலைக்கும் அது உதவியது. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம், இரத்மலானையில் ஒரு பெரிய கராஜில் மூன்று வருடம், பிறகு நிறுவனத்தில் பயிற்சி மதிப்பீட்டாளர். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி ஹமீட் சேர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சேர்ட்டைத் தவிர வேறு நிறத்தில் நான் அவரைக் கண்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். அறிக்கை வாசிக்கும்போது ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாசித்து முடித்தால் அடுத்த வரிக்கு நகர்த்துவார். அடிமட்டம் ஒரு வரியில் நின்றுவிட்டால், எதிரே நிற்பவனுக்கு வியர்க்கத் தொடங்கும். அப்போது அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது கண்டதா, கேட்டதா?"

அவர் எங்களுக்குப் பழக்கிய முறை இதுதான். போனவுடன் சாரதியோடு கதைக்கக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாகனத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வர வேண்டும். வீதியில் டயர் இழுபட்ட தடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு படங்கள். பிறகு ஸ்டியரிங், பிரேக் மிதியை மூன்று தரம் அழுத்திப் பார்ப்பது, டயர். சந்தேகம் இருந்தால் வாகனத்தைக் கராஜுக்கு எடுத்து, சில்லைக் கழற்றி, உள்ளே பார்க்க வேண்டும். கடைசியில்தான் சாரதி. அவரிடம், "நீங்கள் சொல்ல விரும்புவது ஏதும் உண்டா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் கேட்டதையும் எழுத வேண்டும்.

"ஆளப் பாக்க முந்தி வண்டியப் பாருங்க," என்பார். "ஆளப் பாத்தீங்கண்டா வண்டி உங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

இன்னுமொரு விதியும் இருந்தது. மோதிய வாகனம் தெரிந்தவருடையது என்றால், அந்த இடத்திலேயே அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு விலக வேண்டும். வேறொருவர் வருவார். ஸ்டனிஸ்லாஸின் விபத்து நடந்த அதே வருடம் எங்களில் ஒருவர் தன் மைத்துனரின் நண்பனுடைய கோரிக்கைக் கோவையை, பழக்கத்தை மறைத்துத் தானே செய்து பிடிபட்டார். ஹமீட் சேர் அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் தணிந்த குரலில் கதைத்தார். அன்று மாலையே அந்த மனிதர் மேசையை ஒழித்துக்கொண்டு போனார்.

ஸ்டனிஸ்லாஸை நான் சந்தித்தது துறைமுகப் பக்கத்து வீதியில். காலையில் அங்கே கொன்டெய்னர் லொறிகள் வரிசையாகத் திரும்பும். மற்றப் போக்குவரத்தெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாது. வழக்கமாக வருகிறவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் இடுக்குகளால் நுழைந்து முன்னால் வந்து நிற்கும். ஒரே முகங்கள் தினமும் ஒரே இடத்தில். பிறகென்ன, கதைதான்.

முதல் நாள் அவர் தலையை வெளியே நீட்டி என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வயதிருக்கும். மெலிந்த ஆள்.

"அண்ணே, இது பெற்றோல்ல ஓடுதா, செபத்துல ஓடுதா?"

"ரெண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம்," என்றேன்.

"ஏத்தத்துல செபம் கூடப் போகணும் போல."

அதிலிருந்து எட்டு மாதம். வாரத்தில் நாலு நாளாவது பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அவர் ஹோன் அடிப்பதில்லை. "அடிச்சா கொன்டெய்னர் சுருங்கிடுமா?" என்பார். அவருடைய முதல் பயணம் தினமும் அக்காவைத் தையல் கடைக்குக் கொண்டுபோய் விடுவது. அக்காவை இறக்கிவிட்டு வரும் வழியில்தான் என்னைச் சந்திப்பார். தாய் இல்லாத வீட்டில் அக்காதான் அவரை வளர்த்தவர். கொட்டாஞ்சேனையில் பூசை உடுப்புகள் தைப்பதில் அக்காவின் கைக்குப் பெயர் இருந்ததாம். "அக்கா ஒன்னு சொன்னா அது பாப்பரசர் சொன்ன மாதிரி. மறுபேச்சு இல்ல," என்பார். நான் அவரிடம் எவ்வளவோ கேட்டேன். மீற்றர் வந்த பிறகு ஆட்கள் பேரம் பேசுவது குறைந்ததா, பின்னால் இருப்பவர் அழுதால் கண்ணாடியில் பார்ப்பீர்களா, எந்தக் கோயில் திருவிழாவுக்கு ஓட்டம் அதிகம், இப்படி. அவர் என்னிடம் கேட்டது குறைவு. காப்புறுதியில் வேலை என்பது மட்டும் தெரியும். பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீதியில் பழகுகிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். பெயர் கேட்டால் ஏதோ வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சொன்னார்: "அண்ணே, நம்ம வண்டி இப்ப உங்கள மாதிரி ஆயிடுச்சு. பிரேக் அடிச்சா, கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் நிக்குது."

"விளையாடாதீங்கோ. காட்டுங்கோ யாரிட்டயாவது."

"அக்காவும் காலைல இருந்து அதத்தான் சொல்றா. நாளைக்குப் பாஸ்கிட்ட விடுறேன்."

பாஸ் என்றால் மெக்கானிக். கொன்டெய்னர்கள் நகர்ந்தன. நாங்களும் போனோம். புதன்கிழமை எனக்கு இரத்மலானையில் வேலை இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை.

வியாழன் காலை, நல்ல மழை. அலுவலகத்துக்குள் காலடி வைக்கும்போதே, கொட்டாஞ்சேனையில் ஒரு முச்சக்கரவண்டி நின்ற லொறியின் பின்பக்கத்தில் மோதிவிட்டது, போகவும் என்றார்கள். போனேன். வண்டியின் முன்பக்கம் மடிந்து உள்ளே போயிருந்தது. பயணி ஒரு பெண். கை உடைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீதியோரத்தில் நனைந்துகொண்டு நின்ற சாரதி என்னைக் கண்டதும் ஓரடி முன்னால் வந்தார். அவர்தான்.

ஆளை முதலில் பார்த்துவிட்டேன்.

அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்து, "எனக்குத் தெரிந்தவர், வேறொருவரை அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மழையில் எனக்குள் ஓடிய நியாயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: பெயர்கூடத் தெரியாத ஆள் எப்படித் தெரிந்தவர் ஆக முடியும்? கெட்டிக்காரத்தனமான நியாயம். ஆனால் அதை நம்பாத ஒரு பகுதியும் உள்ளே இருந்தது. அதனால்தான் நான் அவரைப் பார்த்துத் தலையசைக்கவே இல்லை. சுற்றி நின்றவர்களுக்கு முன்னால் அவரை இதற்கு முன் கண்டிராத ஒருவன் போல நடந்துகொண்டேன்.

வண்டியைச் சுற்றினேன். மழையில் டயர்த் தடம் இல்லை. மிதியை மூன்று தரம் அழுத்தினேன். மூன்று தரமும் அது தரைவரை போயிற்று. அது ஒன்றையும் நிரூபிக்காது. மோதலில் முன்சில்லுக்குப் போகும் பிரேக் குழாய் அறுந்து எண்ணெய் முழுதும் வீதியில் ஓடியிருந்தது. விபத்துக்கு முன் பிரேக் எப்படி இருந்தது என்பதை அறிய ஒரே வழி, பின்சில்லைக் கழற்றி உள்ளே இருக்கும் பிரேக் ஷூவைப் பார்ப்பது. அதற்கு வண்டியைக் கராஜுக்கு எடுக்க வேண்டும், அரை நாள் போகும். நான் எடுக்கவில்லை. பிரேக் பிழை என்பதுதான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே. செவ்வாய்க்கிழமை அவர் வாயாலேயே கேட்டேனே. "நாளைக்குப் பாஸ்கிட்ட விடுறேன்" என்று அதே வாய் சொன்னதை மட்டும் நான் எங்கோ வைத்துவிட்டேன்.

"சொல்ல விரும்புவது ஏதும் உண்டா" என்ற கேள்வியையும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் "அண்ணே" என்று தொடங்கிவிடுவார். பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்திரத்தை நீட்டி, கையொப்பம் வாங்கினேன். அதில்தான் அவர் பெயரை முதன்முதலாக வாசித்தேன்.

ஹமீட் சேரின் மேசையில் அடிமட்டம் ஏழாவது வரியில் நின்றது. விபத்துக்கு முன்பே பிரேக் செயலிழந்திருந்தது என்ற வரி.

"இது கண்டதா, கேட்டதா?"

கேட்டது என்றால் அடுத்த கேள்வி வரும்: யாரிடம், எப்போது, எப்படிப் பழக்கம்? மேசையை ஒழித்துக்கொண்டு போன மனிதரின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள்.

"கண்டது, சேர்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சில்லு கழட்டினீங்க தானே?"

"ஓம், சேர்."

அடிமட்டம் கீழே நகர்ந்தது. அவர் கையொப்பமிட்டார். பாதுகாப்பற்ற நிலையில் வாகனத்தைச் செலுத்திய காரணத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்ற கடிதம் அடுத்த வாரம் போயிற்று. கொன்டெய்னர் வரிசையில் ஸ்டனிஸ்லாஸை நான் பிறகு காணவில்லை.

ஆறு ஏழு மாதத்தின் பின் என் பைக் ஜிந்துப்பிட்டியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். முருகன் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சின்னக் கராஜ். ரவி பாஸ் என்ற மெக்கானிக், என்னைவிடச் சற்று இளையவர், என் வண்டியைப் பார்த்துச் சிரித்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தேநீருக்கும் சொல்லிவிட்டார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டிக்கொண்டே கதைத்தார். வழக்கம்போல நான் கேள்விகளைத் தொடங்கினேன். இந்த ஒழுங்கையில் எத்தனை வண்டி, எது அடிக்கடி பழுதாகும், யார் நல்ல ஓட்டுநர்.

"நல்ல ஓட்டுநர்னா ஸ்டனிதான் ஐயா. ஆனா பாருங்க, அவனுக்குத்தான் வண்டி இல்லாமப் போச்சு. அவன் மோதினதுக்கு முந்தின நாள் பின்னேரம், இதே இடத்துல, நான்தான் பிரேக் ஷூ முழுக்க மாத்திக் குடுத்தேன். கொன்டெய்னர் போற ரோட்டு, எண்ணெயும் மண்ணும், மழை வேற. எந்த வண்டியும் வழுக்கும். இன்ஷூரன்ஸ்ல இருந்து எவனோ ஒருத்தன் வந்து பிரேக்கே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான். சில்லக்கூடக் கழட்டல. தவணை கட்ட முடியல, லீசிங்காரன் வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்."

தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. "அப்பிடியோ," என்றேன்.

"நீங்க என்ன வேல செய்றீங்க?"

"ஒரு ஒஃபிஸில கிளாக் வேலை," என்றேன்.

அவர் கூலி வாங்க மறுத்தார். பிளக் சுரண்டுவதற்கெல்லாம் வாங்குவதில்லையாம்.

எங்கள் நிறுவனத்தில் மேலதிக அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. புதிய உண்மை தெரியவந்தால் மதிப்பீட்டாளர் அதை நிரப்பி, மூடிய கோவையைத் திறக்கச் செய்யலாம். அந்தப் படிவத்தை எடுத்து, நிரப்பாமலே மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஹமீட் சேர் ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது. அவருடைய பிரியாவிடை நாளில், நேர்மையான மதிப்பீட்டாளர்கள் என்று அவர் பெயர் சொன்ன மூன்று பேரில் நானும் ஒருவன். எழுந்து நின்று கைதட்டல் வாங்கினேன். அதன் பிறகு அலுவலகத்துக்கு வேறு வீதியால் போகத் தொடங்கினேன். தெரியாதவர்களோடு கதைப்பதும் குறைந்துபோயிற்று. சிவப்பு விளக்கில் யாராவது சிரித்தால், சிரித்துவிட்டு முன்னால் பார்ப்பேன். ஒருவருடைய கதையைக் கேட்டுவிட்டால் அதை நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பயப்பட ஒன்றும் மிஞ்சாத நிலையில், நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கடிதம் அனுப்பினேன். வந்த பதில் மரியாதையாக இருந்தது. அவ்வளவு பழைய கோவைகள் இப்போது வைத்திருப்பதில்லையாம். உங்கள் நீண்டகாலச் சேவைக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள்.

அதனால் ரவி பாஸிடம் போனேன். கராஜ் அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கு எழுதிவிட்டுப் போனவன் நான்தான் என்றேன். அவர் கையிலிருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அன்னைக்குத் தேத்தண்ணி குடிக்கிறப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார். பிறகு விலாசத்தைச் சொன்னார்.

ஸ்டனிஸ்லாஸ் மட்டக்குளியில் தொடர்மாடி ஒன்றில் இருந்தார். புறக்கோட்டையில் நாட்டாமி வேலை. மூட்டை சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சேர்," என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

நான் சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும் சேர், எழுதினது நீங்கன்னு. பேப்பர்ல சைன் வாங்கினது நீங்கதானே. அன்னைக்கு நீங்க ஹெல்மெட்டக் கழட்டினதும் நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். நம்ம அண்ணன்தான் வந்திருக்காரு, இனிப் பயமில்லைன்னு. பாஸ் எழுதிக் குடுத்த பில்லு என் சட்டைப் பையில இருந்துச்சு. கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. சரி, நம்மளத் தெரிஞ்சவர்தானே, கேக்கத் தேவையில்லன்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பில்லை அவர் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். தலைப்பு அச்சடிக்காத துண்டு, இதை யாரும் எழுதலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நீங்க உள்ள கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால இருந்தீங்க. தலையத் தூக்கல," என்றார். எனக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதை நானே முழுதாக நம்பவில்லை.

என்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். என் சேமிப்பிலிருந்து தருவதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர் கையை அசைத்து அதை மறித்தார்.

"வண்டிய விடுங்க. அது போச்சு. அக்காதான் அன்னைக்குப் பின்னால இருந்தது. கை நேராப் பொருந்தல. ஏறும்போது கேட்டா, பிரேக் செஞ்சியான்னு. செஞ்சிட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் உங்க கடுதாசி வந்துச்சு. செய்யாம செஞ்சேன்னு பொய் சொல்லி என்னை ஏத்தினியேன்னு கேட்டா. பில்லக் காட்டினேன். ரவி உன் கூட்டாளி, நீ கேட்டா எழுதித் தருவான்னு சொல்லிட்டா. கொம்பனிக்காரன் ஏன் பொய் எழுதப் போறான்னும் கேட்டா. அத்தோட சரி. அன்னைக்குல இருந்து என்னோட பேச்சில்ல. என் கல்யாணத்துக்கும் வரல."

பிறகு சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "என்னோட வந்து அவகிட்டச் சொல்லுங்க. வேற ஒன்னும் வேணாம்."

என் பைக்கின் பின்னால் ஏறினார். அதே சிவப்பு வண்டிதான். இரண்டு பேரைச் சுமந்து அது தவழ்ந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வளைவில் என் தோளைத் தொட்டு, இடப்பக்கம் என்று காட்டினார்.

ஒரு கடைக்கு மேலே வீடு. வெளியே மரப்படி. அவர் படியிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் ஏறிக் கதவைத் தட்டினேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா திறந்தார். வலக்கை மணிக்கட்டு உட்பக்கமாக வளைந்திருந்தது. உள்ளே தையல் இயந்திரத்தின் மேல் ஒரு விரிப்புப் போட்டு மூடியிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். "தம்பி அண்டைக்குப் பொய் சொல்லேல்லை, அம்மா. முதல் நாள் பின்னேரமே பிரேக் செய்திருக்கிறார்."

"கடுதாசியில இல்லன்னு போட்டிருந்துச்சே."

"அது நான் எழுதினது. சில்லைக் கழட்டிப் பாக்காமலே எழுதினனான்."

"ஏன்?"

"தம்பியை எனக்கு முந்தியே தெரியும். அதை ஒஃபிஸில சொல்லப் பயந்தனான். அதை மறைக்கப் போய், பிரேக் பிழையெண்டு முந்தி அவரிட்டக் கேட்டதை நானே கண்டதெண்டு எழுதினன்."

அவர் தன் வளைந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே படியில் நிற்பவரை ஒருமுறை பார்த்தார்.

"தெரிஞ்சவனுக்கா இப்பிடிச் செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

பிறகு என் தோளுக்கு மேலால் சத்தமாக, "டேய் ஸ்டனி, ஏன் படியில நிக்கிற? மேல வா. இவருக்கு வழிய விடு," என்றார்.

அவர் ஏறினார், நான் இறங்கினேன். ஒடுங்கிய படி, இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் ஒருவரையொருவர் கடக்க முடிந்தது. கதவு சாத்தப்பட்டது.

வீதியின் எதிர்ப்பக்கத்தில் பைக்கோடு நின்றேன். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மேலேயிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏதோ தாளிக்கும் மணம் வந்தது. முக்கால் மணி நேரம் போனபின் ஸ்டனிஸ்லாஸ் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. வீதியைக் கடந்து என்னிடம் வந்தார்.

"ஏன் சேர் நிக்கிறீங்க?"

"உங்களைக் கொண்டுபோய் விட."

"நான் பகலுக்கு இங்கதான் சாப்பிடுறேன்," என்றார். பிறகு சற்றுத் தயங்கி, என்னை நோகடிக்கக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்: "ஜன்னலால பாத்தா நீங்க நிக்கிறது அக்காவுக்குத் தெரியுது. அதுதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

தலையசைத்தேன். அவர் திரும்பிப் போய்ப் படியேறினார். நான் வண்டியை உதைக்காமல், சத்தமில்லாமல், அந்த ஜன்னல் மறையும்வரை தள்ளிக்கொண்டு நடந்தேன்.